அப்பம்மாவின் நாடாவும் ஒரு ‘ணிங்’ சத்தமும்

எங்கள் சபையில் ஒலிபெருக்கி மேசையைக் கவனிக்கும் பொறுப்பு மூன்று வருடங்களாக எங்கள் மூவரிடமும்தான் இருக்கிறது. நாங்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள்: இரண்டு அக்காமார், ஒரு தம்பி. போதகர் ஐயாவின் மைக் கூவினால் எந்தப் பொத்தானைக் குறைப்பது, பாடகர் குழுவுக்கு முன்னால் மைக்கை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆகவே சத்தம் சம்பந்தப்பட்ட எதையும் எங்களால் சரிசெய்ய முடியும் என்ற எண்ணம் எங்களுக்குள் நன்றாக வளர்ந்திருந்தது. சென்ற வருடம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, அந்த எண்ணத்தாலேயே வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தோம்.

எங்கள் அப்பப்பா 1964இல் லண்டனுக்கு வந்தவர். கணக்கியல் படிக்க வந்து, வேலை கிடைத்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார். வந்து மூன்று வருடம் கழித்து, அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பழைய ரேப் றெக்கோடர் வாங்கினார். கசெற் போடுவது அல்ல. இரண்டு பெரிய சுருள்கள் மேலே சுழலும், மரப்பெட்டியில் அமைந்த வால்வு றெக்கோடர். தூக்க இரண்டு பேர் வேண்டும். அது எங்கள் வீட்டு லொஃப்டில், நத்தார் மரத்துப் பெட்டிக்குப் பின்னால், எத்தனையோ வருடமாகக் கிடந்தது. அதனோடு ஐந்து அங்குலச் சுருள் ஒன்றும் இருந்தது. அதன் உறையில் அப்பப்பாவின் கையெழுத்தில் ‘நத்தார் 1968’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்தச் சுருளில் இருப்பது அப்பம்மாவின் குரல். நாங்கள் மூவரும் அப்பம்மாவைக் கண்டதில்லை. நாங்கள் பிறக்குமுன்பே அவர் இறந்துவிட்டார். அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அப்பப்பாவுக்கு வருகிற மார்கழியில் தொண்ணூறு வயது முடிகிறது. வலது காது கேட்காது. இடது காதும் வருடத்துக்கு வருடம் குறைகிறது. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ரேப்பை ஒருக்காக் கேட்டால் போதும்” என்றார்.

றெக்கோடரை இறக்கினோம், தூசி தட்டினோம், பிளக்கைச் செருகினோம். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகு தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கருவியை அப்படி நேரே மின்சாரத்தில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் பழைய கப்பாசிற்றர்கள் கெட்டிருக்கும், வயரின் ரப்பர் உதிர்ந்திருக்கும். எங்கள் நல்ல காலம், அது வெடிக்கவில்லை. வால்வுகள் மெதுவாகச் செந்நிறம் ஏறின, சுருள் சுழன்றது, ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியது.

அதைக் கேட்ட அப்பா கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். ஆனால் பத்து விநாடிக்குள் வேறொரு சத்தமும் வந்தது. யாரோ மெல்லிய கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டியதுபோல ‘ணிங்…’ என்று தொடங்கி, நீண்டு, குரலின் மேல் படர்ந்து அடங்கியது. பாட்டில் உயர்ந்த சுரம் வந்தால் ‘ணிங்’. மாடிப்படியில் ஒருவர் இறங்கினால் ‘ணிங்’. வெளியே பஸ் போனால் ‘ணிங்’. ஒலியைக் கூட்டினால் அந்த ணிங் அடங்காமல் ஊளையாகவே மாறியது. ஒலியைக் குறைத்தாலோ அப்பப்பாவுக்குக் கேட்காது.

நாடா பழுதென்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு எங்களில் சின்னவன், நாடா ஓடாதபோது பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். அப்போதும் ஸ்பீக்கரில் ‘ணிங்’ என்றது. ஆகவே குற்றம் நாடாவில் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அதிர்கிறது என்று கண்டுகொண்டோம். அதுவரை சரி. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பிழை.

ஒரு வால்வு எப்படி மணி அடிக்கும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். வால்வு என்பது காற்றை எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். நடுவில் சூடேறும் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு வெளியே உள்ள தகட்டுக்குப் போகின்றன. இடையில் தலைமயிர்போன்ற மெல்லிய கம்பியால் சுற்றிய ஒரு வலை நிற்கிறது. வீட்டு வாசலில் படலை எப்படியோ அப்படித்தான் அந்த வலை. அதற்கு வரும் மின்னழுத்தத்தைப் பொறுத்து இலத்திரன்களைக் கூடவோ குறையவோ போகவிடும். ஆனால் வலை கையால் தொட முடியாத அளவுக்கு நுண்ணியது. பெட்டி அதிர்ந்தால் வலையும் அதிரும். குழாய்க்கும் வலைக்கும் இடையிலான தூரம் மாறும். மாறினால் மின்னோட்டமும் மாறும். அதாவது வால்வே ஒரு மைக்காக மாறிவிடுகிறது. நாடாவைத் தொட்டு நிற்கும் தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ற் மட்டுமே. அதை வாங்கிப் பல மடங்கு பெருக்கும் முதல் வால்வில் இது நடந்தால், கால் வைத்து நடக்கும் சத்தம்கூடப் பாட்டை மூடிவிடும். எங்கள் றெக்கோடரில் அந்த முதல் வால்வு ஈ.எஃப்.86 என்ற வகை. இரைச்சல் குறைவு என்பதற்காக 1950களிலும் 60களிலும் பலர் விரும்பிப் பயன்படுத்தியது. அதிர்வுக்கு இலகுவில் அசைந்துகொடுப்பதற்கும் பேர் போனது. போதாக்குறைக்கு, எங்கள் றெக்கோடரில் ஸ்பீக்கரும் அதே மரப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் வால்வை அசைக்க, வால்வு ஸ்பீக்கரை அலறவைக்க, இரண்டும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கும். சபையில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கூவுமே, அதே கதை.

அதிர்வைத் தணிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். அன்று கையில் கிடைத்ததெல்லாவற்றையும் எடுத்தோம். அலுவலக ரப்பர் பட்டிகளை ஒவ்வொரு வால்விலும் மூன்று மூன்றாகச் சுற்றினோம். சுவரில் படம் ஒட்டும் நீலக் களியை உருட்டி, கண்ணில் பட்ட கப்பாசிற்றர், றெசிஸ்ரர் எல்லாவற்றின்மேலும் அப்பினோம். கார்க் கதவுக்குள் ஒட்டும் தார்த் தகடு ஒன்று கராஜில் இருந்தது. ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் தார். அதைப் பின்பலகையின் உட்புறம் முழுவதும் ஒட்டினோம். பின்பலகையில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. அவை எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போட்டுப் பார்த்தோம். ணிங் குறைந்துவிட்டது! சின்னவன் கை தட்டினான். சாப்பிட்டுவிட்டு வந்து நாடாவைப் போடுவோம் என்று கருவியை அணைக்காமலே கீழே போய்விட்டோம்.

காது கேட்காத அப்பப்பாவுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். இருபது நிமிடம் இருக்கும், அவர் மேலே இருந்து “நிப்பாட்டு, நிப்பாட்டு!” என்று கத்திய சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். அதற்குள் அவரே ஊன்றுகோலால் சுவர்ச் சுவிச்சை அணைத்துவிட்டார். அறை முழுக்கக் கருகிய ரப்பரும் தாரும் கலந்த மணம். பின்பலகையின் ஓரத்தால் மெல்லிய புகை. அப்பப்பா எங்களைத் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, “ரேப் உள்ளுக்கோ வெளியிலையோ?” என்று மட்டும் கேட்டார். வெளியில்தான் இருந்தது. கருவியின் மேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாங்கள் மூவரும் இன்றுவரை ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், தலையைக் குனிந்துகொண்டு ரேடியோ மாமாவிடம் போனோம். எங்கள் சபையில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். இங்கே வந்தும் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அன்று மாலையே வந்தார். பின்பலகையைக் கழற்றப் போன எங்கள் கையைத் தட்டிவிட்டார்.

“கையை எடுங்கோ. பிளக்கைக் கழட்டிப்போட்டோ? சுவிச்சை நிப்பாட்டினது காணாது, பிளக்கே வெளியிலை இருக்கவேணும். கழட்டினாலும் இதுக்குள்ளை முந்நூறு வோல்ற் நிக்கும், தெரியுமோ?”

தெரியாது. வால்வுக் கருவிகளில் பெரிய கப்பாசிற்றர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்; பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளேயே நிற்கலாம். மாமா இரண்டு முனையிலும் நீண்ட உறைபோட்ட வயர் பொருத்திய ஒரு றெசிஸ்ரரைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு முனையைச் சட்டத்தில் கொளுவி, மறுமுனையைக் கப்பாசிற்றரில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு மீற்றரை வைத்து, முள் பூச்சியத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தார். இவ்வளவையும் ஒரு கையால் செய்தார். மற்றக் கை காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்தது. இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையால் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றக் கையால் இறங்கும் என்றார். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு விசை காப்பாற்றாதா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். “அது சுவரிலை இருந்து வாற கரண்டைத்தான் பாக்கும். இது ரான்ஸ்ஃபோமருக்கு அங்காலை இருக்கிற கரண்ட். நீ அடிபட்டுக் கிடந்தாலும் அதுக்குத் தெரியாது” என்றார். இந்த வேலையை நாங்கள் செய்ய அவர் விடவில்லை. வாசிக்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறோம். பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வால்வுக் கருவியின் பின்பலகையைக் கழற்றாதீர்கள்.

பிறகுதான் எங்கள் கைவேலை வெளியே வந்தது. முதல் வால்வில் சுற்றிய ரப்பர் பட்டி பழுப்பாகி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கரை இயக்கும் பெரிய வால்வில் சுற்றிய பட்டிகள் உருகிக் கண்ணாடியோடு கறுப்பாக ஒட்டிப்போயிருந்தன. அந்த வால்வு ஈ.எல்.84 என்ற வகை. அதன் தகடு மட்டுமே 12 வாற் வரை வெப்பமாக வெளிவிடக்கூடியது; உள்ளே சூடேற்றும் கம்பிக்கு இன்னொரு ஐந்து வாற். இவ்வளவும் ஒரு பெருவிரல் அளவான கண்ணாடிக் குமிழால் வெளியே போகவேண்டும். அதற்குப் போர்வை போர்த்தினால் வேறு என்ன நடக்கும்? அதற்குப் பக்கத்தில் உள்ள றெசிஸ்ரர் வேலை செய்வதே சூடாகித்தான். அதன்மேல் அப்பிய நீலக் களி எண்ணெயாக இளகி, வழிந்து, கீழே இருந்த வயர்களில் படிந்திருந்தது. பின்பலகையில் ஒட்டிய தார்த்தகட்டின் ஒரு மூலை சூட்டில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அலுமினியப் பக்கம் வால்வுத் தாங்கியின் பின்களிலிருந்து ஒரு விரல் தூரம்கூட இல்லை. தொட்டிருந்தால் முந்நூறு வோல்ற் அப்படியே சட்டத்துக்கு இறங்கியிருக்கும். நாங்கள் அடைத்துவிட்ட ஓட்டைகள் சூட்டுக் காற்று வெளியேறுவதற்காக வைத்தவை.

மாமா எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து ஒரு பத்திரிகைத் தாளில் குவித்தார். அது ஒரு சிறிய மலைபோல இருந்தது. “நீங்கள் அதிர்வை நிப்பாட்ட இல்லை. சூட்டை நிப்பாட்டியிருக்கிறியள்” என்றார்.

அவர் சொல்லித் தந்த முறை எங்களுடையதற்கு நேரெதிர். முதலில் எது அதிர்கிறது என்று தெரியவேண்டும்; தெரியாமல் எதையும் ஒட்டக் கூடாது. அதற்கு நாடா தேவையில்லை. அப்பம்மாவின் சுருளை அவர் அறையைவிட்டே வெளியே அனுப்பிவிட்டார். இந்தக் கருவிகளில் பதியும் பொத்தானைத் தவறி அழுத்தினால் இருக்கும் குரல் அழிந்துவிடும். அந்தப் பயம் எங்களுக்கு வரவே இல்லை, அவருக்கு வந்தது. பழுதான பழைய வயரை வெட்டி எறிந்துவிட்டு, ஏர்த் உள்ள புது மூன்று வயர் போட்டார். பிளக்குக்குள் இருந்த 13 அம்பியர் ஃபியூசை எடுத்துவிட்டு 3 அம்பியர் போட்டார். கசியக்கூடிய பழைய காகிதக் கப்பாசிற்றர்களை மாற்றினார். இதற்கே இரண்டு ஞாயிறு பிடித்தது.

மூன்றாம் ஞாயிறு கருவியைப் போட்டு, ஒலியைக் குறைவாக வைத்து, ஒரு காய்ந்த மரக் குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டார், ஒரு கையை வழக்கம்போலப் பொக்கற்றுக்குள் விட்டபடி. பெரிய வால்வைத் தட்டினார், ஒன்றுமில்லை. இரண்டாம் வால்வில் ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முதல் வால்வைத் தொட்டதும் ‘ணிங்…’ அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு கப்பாசிற்றரைத் தட்டியபோதும் மெலிதாக ஒரு சத்தம் வந்தது. அது எங்களுக்கு வியப்பாக இருந்தது. கப்பாசிற்றருக்குள் இரண்டு தகடுகள் மின்னேற்றத்தோடு நிற்கின்றன. அவற்றின் இடைவெளி அசைந்தால் மின்னழுத்தமும் அசையும். பாடகர் குழுவுக்கு முன்னால் நாங்கள் நிறுத்தும் கண்டென்சர் மைக் வேலை செய்வதும் இதே முறையில்தான் என்று மாமா சொன்னபோது, மூன்று வருடம் அந்த மைக்கைத் தூக்கித் திரிந்தும் இது தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. சில பீங்கான் கப்பாசிற்றர்கள் இன்னும் மோசம். அவற்றுள் இருக்கும் பொருளே அழுத்தினால் மின்சாரம் உண்டாக்கும் தன்மையுடையது.

ஆகக் குற்றவாளிகள் இரண்டே இரண்டு. நாங்கள் களி அப்பியதோ இருபதுக்கு மேல்.

“முதல்லை வால்வை மாத்து, பிறகு ரப்பரை மாத்து, கடைசியாத்தான் ஒட்டு” என்பது மாமாவின் ஒழுங்கு. அவரிடம் இருந்த வேறு ஈ.எஃப்.86 மூன்றைப் போட்டுப் பார்த்தார். ஒரே வகை வால்விலும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ வித்தியாசம்! ஒன்று பழையதைவிட மோசமாகக் கத்தியது, ஒன்று பாதியாகக் குறைத்தது, அதை வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த வால்வின் தாங்கியைக் கவனமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். தாங்கி நேராகச் சட்டத்தில் முடுக்கப்படவில்லை. ஒரு சிறு தகட்டில் இருந்தது. அந்தத் தகடு நான்கு ரப்பர் வளையங்களின்மேல் மிதப்பதுபோல நின்றது. கருவியைச் செய்தவர்களே அதிர்வு வராமல் தணிப்பு வைத்திருக்கிறார்கள்! ஆனால் இத்தனை வருடச் சூட்டில் அந்த ரப்பர் கல்லாகிவிட்டது. நகத்தால் கீறினால் பொடியாகக் கொட்டியது. மோட்டர் சுழலும் அதிர்வும் ஸ்பீக்கரின் அதிர்வும் தடையில்லாமல் வால்வுக்குப் போனது அதனால்தான். புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததை மறுபடி மென்மையாக்க வேண்டியிருந்தது.

நான்கு சிலிக்கோன் வளையங்கள் வாங்கிப் போட்டார். சிலிக்கோன் ரப்பர் ஏறத்தாழ இருநூறு பாகை செல்சியஸ் வரை தாங்கும். சாதாரண ரப்பர் அந்தச் சூட்டில் முதலில் இளகி, பிறகு கல்லாகும். தாங்கிக்குப் போகும் வயர்கள் விறைப்பாக இருந்தால் அவற்றின் வழியாகவே அதிர்வு ஏறும் என்று மெல்லிய, வளையும் வயராக மாற்றினார். இந்த இடத்தில் அவர் ஒன்றை இரண்டு முறை சொன்னார். ஒரு உலோகத் துண்டை ரப்பரின்மேல் ஏற்றினால், அது சட்டத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது; அதோடு ஏர்த்தும் துண்டிக்கப்படும். ரான்ஸ்ஃபோமர் இரைகிறதென்று அதன் அடியில் ரப்பர் வைப்பவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்களாம். இரைச்சல் போய்விடும், ஆனால் பழுது வந்தால் அந்த உலோகம் மின்சாரத்தோடு காத்திருக்கும். ஆகவே தகட்டிலிருந்து சட்டத்துக்குப் பின்னல் வயர் ஒன்றைத் தனியாகப் போட்டார்.

கப்பாசிற்றரை மட்டும் ஒட்டினார், அதுவும் ஒரு பட்டாணி அளவுப் பசையால், பக்கத்தில் உள்ள பலகையோடு சேர்த்து. அதற்கு எங்கள் குளியலறையில் இருந்த சிலிக்கோன் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வினாகிரி மணம் வந்தால் அது காயும்போது அமிலம் விடும், செம்பை அரிக்கும். மின்கருவிக்கு அமிலம் விடாத வகையைத்தான் கேட்டு வாங்கவேண்டும். துப்பாக்கியால் உருக்கி ஊற்றும் பசை குளிரான இடத்துக்குச் சரி, வால்வுக்குப் பக்கத்தில் அது மறுபடி இளகும். உருளை வடிவக் கப்பாசிற்றரின் தலையில் கீறல் இருந்தால் அதை ஒருநாளும் மூடக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடினால் வெடிக்காமல் அந்தக் கீறலால் வாயு வெளியேறவேண்டும். பழைய பெட்டிகளில் தொழிற்சாலையே ஊற்றிய மஞ்சள் பசை காலப்போக்கில் கறுத்துக் கபிலமாகி, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். அப்பாவின் 80ஆம் ஆண்டுகளின் அம்ப்ளிஃபயரில் அதைக் காட்டவும் செய்தார்.

அந்த அம்ப்ளிஃபயருக்கும் ஏதாவது தணிப்பு வைப்போமா என்று சின்னவன் கேட்டான். வால்வுக்கு மாட்டும் அழகான வளையங்கள், கப்பாசிற்றருக்கு ஒட்டும் விலையுயர்ந்த துண்டுகள் எல்லாம் விற்கிறார்கள், பாட்டு இனிக்கும் என்று. மாமா குச்சியால் அந்தப் பெட்டிக்குள் பத்து இடம் தட்டிக் காட்டினார். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. “தட்டினால் கேக்காதது பாட்டிலையும் கேக்காது. காசை வைச்சிரு” என்றார். இந்தக் குச்சிப் பரீட்சை எவ்வளவு காசை மிச்சப்படுத்தும் என்பதை, இப்படிப்பட்ட பொருள்களில் மயங்கும் எங்கள் வயது நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைசியாக உள்ளே இருந்த ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, அறையின் மறுகோடியில் வேறொரு ஸ்பீக்கரை வைத்தார். றெக்கோடரைத் தடித்த மரப்பலகையின்மேல் ஏற்றி, பலகைக்கு அடியில் மென்மையான பஞ்சு வைத்தார். பின்பலகையின் ஓட்டைகள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அறையை விட்டு ஒருவரும் வெளியேறாமல் காத்திருந்தோம். பெட்டியைத் தட்டினோம். வெகு தூரத்தில் மண்ணில் ஏதோ விழுந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாடாவை ஓடவிட்டது டிசெம்பர் மாதம், அப்பப்பாவின் பிறந்த நாளுக்கு முந்திய சனிக்கிழமை. எங்கள் கணினியில் பதிவும் ஆகிக்கொண்டிருந்தது. அப்பப்பாவை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இடது காது அதன் பக்கமாக, உட்காரவைத்தோம். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார்.

அப்பம்மா பாடினார். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கனமான குரல், எங்கள் மூத்தவளின் குரலுக்குக் கிட்ட. உயர்ந்த சுரம் வந்தது, ணிங் இல்லை. பஸ் போனது, ணிங் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த அந்த நேரம், ‘டொக்… ணிங்’ என்றது.

ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தோம். மாமா கையைக் காட்டித் தடுத்தார். இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று, ஒரு தாளத்தோடு. பெட்டியை ஒருவரும் தொடவில்லை. மாமா சொன்னார்: “இது இப்ப வாறதில்லை. அப்பவே பதிஞ்சது. பதிஞ்சதும் இதே வால்விலைதானே.”

அப்போதுதான் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது. செப்டெம்பரில் எங்கள் காதில் அது விழவே இல்லை, ணிங் எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஒரு ஆண் குரல், மெதுவாக, மைக்குக்குக் கேட்கக் கூடாதென்று அடக்கிய குரல்: “தம்பி, மேசையிலை தட்டாதை.”

அப்பப்பாவுக்கு அந்தச் சொற்கள் கேட்டிருக்காது. ஆனால் அந்தத் தட்டு கேட்டது. சிரிக்கத் தொடங்கினார். திரும்பி, ஐம்பத்தெட்டு வயதான எங்கள் அப்பாவைப் பார்த்தார். “இவன்தான். கரண்டியாலை. ரெண்டரை வயசு.”

அந்த நாடா யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பம்மாவின் தாயாருக்கு நத்தாருக்கு அனுப்புவதற்காகப் பதிந்ததாம். றெக்கோடரும் அந்த மேசையின்மேல்தான் இருந்திருக்கிறது. போட்டுக் கேட்டபோது மணிச் சத்தம் கெடுத்துவிட்டது என்று அப்பம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேறொன்று பதிந்து அனுப்புவோம் என்று இதை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு வேலை, பிள்ளைகள், வீடு மாறுதல்; வேறொன்று பதியவே இல்லை. இது மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டது.

கணினியில் அந்தத் தட்டுகளை அழிக்க வழி இருக்கிறது, கொஞ்ச நேரம் செலவழித்தால் போதும் என்று நாங்கள் சொன்னோம். அப்பா வேண்டாம் என்றார். அவர் பதிவை இரண்டாம் முறை கணினியில் கேட்டபோது விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவது விழவேண்டிய இடத்தில் பாட்டு ஒரு நொடி அறுந்து, பிறகு தொடர்கிறது. அந்த நொடியில் அப்பம்மா பாடிக்கொண்டே குனிந்து அவரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாராம்.